தலைமைக் குழுவின் நாலாவது ஆள்

கறுப்பையா அழகர் வெளியில் ஒருநாளும் யாரையும் எதிர்த்துப் பேசியது கிடையாது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பது அவர்தான். கடைக்காரர் புளித்த தயிரைக் கொடுத்தாலும் "பரவாயில்லைங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்குவது, அடுத்தவர் செய்த வேலையில் பிழை பிடிப்பதற்கு.

கண்டியில் பேராதனை வீதியோரம், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையொன்றின் மேல்மாடியில் அந்தக் கம்பனி இருக்கிறது. நாற்பது பேர். பெயர் ஹந்தான லிங்க்ஸ். ஹந்தான மலை ஜன்னலில் தெரிகிறது என்பதால் வைத்த பெயர். தெரிவது கழிவறை ஜன்னலில் மட்டும் என்பதைக் கம்பனி எங்கும் அறிவித்ததில்லை. கீழே மணிக்கட்டு மொத்தத்தில் போல்ட் விற்கிறார்கள். மேலே ஒரு தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால் வரும் இழையிலும் மெல்லிய கம்பிகளுக்கு வழி வகுக்கிறார்கள். இரண்டு வியாபாரத்துக்கும் ஒரே படிக்கட்டு.

சிப் செய்வது அவர்கள் வேலையல்ல. ஒரு சிப்பின் உள்ளே கணக்குப் போடும் பகுதி, நினைவில் வைக்கும் பகுதி, கெமராவைக் கவனிக்கும் பகுதி என்று பல குடித்தனங்கள் இருக்கும். அவை ஒன்றோடொன்று பேச வழி வேண்டும். அந்த வழியில் யார் முதலில் போவது, யார் ஒதுங்கி நிற்பது என்று சட்டம் வேண்டும். வழியையும் சட்டத்தையும் எழுதி, சிப் செய்கிறவர்களுக்கு விற்பார்கள். இன்டர்கனெக்ட் என்று அதற்குப் பெயர்.

இதைத் தான் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட ஊரான புசல்லாவையில் விளங்கப்படுத்த அழகர் இரண்டு தடவை முயன்றார். இரண்டாவது தடவை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுமுடித்த பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே போய் உடைந்த போன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்கதான் போன் செய்ற கம்பனியில இருக்கீங்களே தம்பி. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

தெரியாது என்று சொல்லும் பழக்கம் அழகருக்கு இல்லை. கம்பளையில் ஒரு கடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போன் திரை மாற்றப் பழகிக்கொண்டார். இன்றைக்கு அந்தத் தோட்டத்துப் பக்கம் அவருக்குக் கைராசியான போன் ரிப்பேர்காரர் என்று பெயர். கிழமை நாளில் கண்டியில் வேறு ஏதோ வேலையும் பார்க்கிறாராம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவர். அம்மா கொழுந்து பறித்தவர். அழகர் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதிப் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போனார். அதுவரை தமிழில் படித்ததெல்லாம் அங்கே ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வரும், எழுதவும் வரும். வாயைத் திறந்தால் மட்டும் அது ஊருக்குப் போய்விடும்.

கம்பனித் தலைவர் இராமநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அங்கே வீட்டு வாடகையும் இங்கே யாழ்ப்பாணத்து வெயிலும் ஒத்துக்கொள்ளாமல், இரண்டுக்கும் நடுவில் கண்டியைத் தெரிந்தெடுத்துக்கொண்டார். அவர்தான் அழகரை நேர்முகத்தில் கண்டுபிடித்தது. தான் போட்ட வடிவமைப்பு ஒன்றை நீட்டி, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க சேர்," என்றார் அழகர்.

இவனும் ஒரு முகஸ்துதிக்காரன் என்று இராமநாதன் தாளை மடிக்கப் போனபோது அழகர் தொடர்ந்தார். "ஏழு எடத்துல மட்டும் நின்னு போகும். அத விட்டா ரொம்ப நல்லா இருக்குங்க சேர்."

ஏழில் ஆறு உண்மையான பிழைகள். ஏழாவதை இராமநாதன் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பனியில் ஒரு வழக்கம் உண்டு. சரி என்று ஒருவர் கொடுத்துவிட்ட வேலையில் பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், பிழை செய்தவர் சந்தி பேக்கரியில் எல்லோருக்கும் மீன் ரோல்ஸ் வாங்கி வைக்க வேண்டும். ரோல்ஸ் முடியும்வரை அவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. ஏசுவதானாலும் வயிறு நிறைந்த பிறகுதான். வாய்க்குள் மீனும் உருளைக்கிழங்கும் இருக்கும்போது கோபப்படுவது கடினம் என்பதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கம்பனியின் கண்டுபிடிப்புகளில் காப்புரிமை பெறத் தகுந்தது அதுதான். பதினொரு வருடத்தில் அழகர் அடுத்தவர் பிழைக்காகத் தின்ற ரோல்ஸுக்குக் கணக்கில்லை. அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. "அழகர் வாங்குற நாள்" என்றால் அங்கே ஒருபோதும் வராத நாள் என்று அர்த்தம். அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். வெட்கம் போலத் தெரியும். உள்ளே இருந்தது பெருமை. உலகத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற மனிதருக்கு விட்டுக்கொடுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இந்த வருடம் அவரைத் தலைமைக் குழுவில் சேர்ப்பது என்று முடிவானது. அதுவரை மூன்று பேர். தலைவர் இராமநாதன், வழிகளை வரைகிற தம்மிக்க, வாடிக்கையாளரோடு பேசுகிற அஸ்ஃபர். சரிபார்க்கிறவர் நாலாவது ஆள். கம்பனியின் இணையப் பக்கத்தில் தலைமைக் குழுவின் படமும் கீழே நாலு வரி வாழ்க்கைக் குறிப்பும் போடுவார்கள். அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் அலுவலக நிர்வாகி தர்ஷனா. ஒரு திங்கட்கிழமை அவர் வந்து நின்றார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ஜப்பான்காரங்களுக்கு வேலைய குடுத்த கையோட பக்கத்தையும் மாத்தணும்னு சேர் சொல்லிட்டாரு. மத்த மூணு பேருக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கேன். அஸ்ஃபர் நானாவுக்கு ஒம்போது நாடு. உங்களுக்கு என்னா போடட்டும்?"

"எனக்கு என்னாம்மா நம்பர் இருக்கு?"

"எத்தன பிழ புடிச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் எண்ணுனது இல்ல."

"எண்ணுங்க. ஆயிரத்துக்கு மேல வந்தா பக்கத்துக்கே ஒரு கம்பீரம்."

வீண் பெருமை என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை எண்ணினார். சோதனைக் கோப்புகள் எல்லாவற்றிலும் தன் பெயர் வரும் இடங்களைத் தேடச் சொன்னார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பிழைகள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் தேடல் கொடுத்த எண்ணிக்கை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. மிச்சம் ஒன்று என்னவென்று திறந்து பார்த்தார்.

அதில் இருந்தது ஒரு வரி. 'பதிலைப் பெறுபவர் அதை எப்போதும் உடனே ஏற்றுக்கொள்வார் என்று வைத்துக்கொள்க.' அதன் பக்கத்தில்: 'பிறகு நீக்க வேண்டும். அழகர்.' கீழே திகதி. 2022, மார்ச்.

அந்த மார்ச் மாதத்தை இலங்கையில் இருந்த யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருநாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. புசல்லாவையிலிருந்து வர பஸ்ஸும் இல்லை. முழுச் சோதனை ஓட முப்பது மணித்தியாலம் வேண்டும். கரன்ட் ஒரேயடியாகக் கிடைத்தது ஐந்து மணித்தியாலம். முப்பதை ஐந்தாகக் குறைக்க அழகர் அந்த ஒரு வரியை எழுதினார். கரன்ட் வந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் எழுதினார். கரன்ட் வந்தது, டீசல் வந்தது, பஸ் வந்தது. வரியை எடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

சோதனையில் இப்படி ஒரு வரி இருப்பது, பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியை அச்சடிக்காமல் விட்டுவிட்டு, அந்தக் கேள்வியில் எல்லோரும் சித்தி என்று அறிவிப்பதைப் போன்றது. பெறுகிற பகுதி பதிலை வாங்க மறுத்தால் என்ன ஆகும் என்று நாலு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களுடைய பகுதிகள் பதிலை மறுக்காத ரகம். அதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஜப்பான்காரர்கள் வாகனக் கெமராவுக்கு சிப் செய்கிறார்கள். அவர்களுடைய கெமராப் பகுதி எந்த ரகம் என்று அழகருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்தால் அது தொழிற்சாலைக்குப் போகும். அங்கே ஒருமுறை பொறித்தது பொறித்ததுதான்.

அந்த வரியை எடுத்துவிட்டு, கிடைத்த கணினிகள் எல்லாவற்றிலும் சோதனையைப் பிரித்து ஓடவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மனைவி கிருஷாந்தி ஆசிரியை. பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, மொகம் இப்பிடி இருக்கு?"

"படம் எடுக்கணும்னு சொல்றாங்க."

"அதுக்கா இந்த மொகம்? இந்த மொகத்த எடுத்தா கம்பனிய மூடிருவாங்க."

அழகர் நடந்ததைச் சொன்னார். சிப்பைப் பற்றி அவர் சொன்னதில் பாதி கிருஷாந்திக்கு விளங்கவில்லை. 'பிறகு நீக்க வேண்டும்' என்பது முழுதாக விளங்கியது.

"சொல்லிட வேண்டியதுதானே?"

"இத்தன வருஷமா எல்லாரையும் நான் கேட்டிருக்கேன், ஏன் பாக்கலன்னு. இப்ப என்னய கேப்பாங்க."

"எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க பிழ விட்டா செவப்புப் பேனா. டீச்சருங்க விட்டா வெள்ள பூசி மறைக்கிற டிப்பெக்ஸ்," என்றார் கிருஷாந்தி. "உங்க கம்பனியில டிப்பெக்ஸ் இருக்கா?"

இருந்தது. அழகருக்கு அதுவும் தெரியும். அந்த வரியை ஓசைப்படாமல் எடுத்துவிட்டு, புதிதாகக் கண்டுபிடித்த பிழை என்று எழுதினால், அது அவருடைய ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவது வெற்றியாகிவிடும். ரோல்ஸ் வாங்குவது தம்மிக்கவாக இருக்கும்.

"சாப்பிடுவோம்," என்றார் அவர்.

புதன்கிழமை காலை சோதனை நடுவழியில் நின்றிருந்தது. கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட இரண்டு சம்பந்திகளைப் போல. 'என் அடுத்த கேள்வியை வாங்கிக்கொண்டால்தான் உன் பதிலை வாங்குவேன்' என்கிறது, சோதனைக்காக மறுக்கவைத்த கெமராப் பகுதி. 'என் பதிலை வாங்கினால்தான் உன் அடுத்த கேள்வியை வாங்குவேன்' என்கிறது நினைவகம். இரண்டு பேரும் நியாயம் பேசுகிறார்கள், யாரும் அசையவில்லை, பந்தி ஆறிக்கொண்டிருக்கிறது. வாகனம் ஓடும்போது இது நடந்தால் கெமரா கடைசியாகக் கண்ட காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அழகர் படியிறங்கிச் சந்திக்குப் போனார். நாற்பத்தைந்து மீன் ரோல்ஸ் வாங்கினார். பெட்டியை நடுமேசையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இந்த வழக்கம் இத்தனை வருடத்தில் பிசகிப்போனது அன்றைக்கு ஒருநாள்தான். அழகரும் பிழையும் சேர்ந்து ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லை.

"ஆ! புரமோஷன் ரோல்ஸ்!" என்றார் தர்ஷனா.

கை தட்டினார்கள். முதுகில் தட்டினார்கள். தம்மிக்க சிங்களத்தில் நீளமாக வாழ்த்திவிட்டு இரண்டாக எடுத்துக்கொண்டார். அஸ்ஃபர் கட்டுகஸ்தோட்டையில் வாப்பாவின் புடவைக் கடையில் வளர்ந்தவர். வாசலைத் தாண்டிப் போன வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்பது அவருடைய ஒரே கொள்கை. அவர் வந்து தோளில் கை போட்டார்.

"மாஷா அல்லாஹ்! மச்சான், நீ இவ்வளவு தாராளம் எண்டு தெரிஞ்சா எப்பயோ தலைமைக் குழுவில சேர்த்தீப்போமே!"

அழகர் வாயைத் திறந்தார். ரோல்ஸ் முடியும்வரை கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் சட்டம். பதில் சொல்வதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்பது பேர் ஒருவரை வாழ்த்தும்போது இடையில் மறுப்பது, யாரையும் மறுத்துப் பழகாத மனிதருக்குச் சுலபமல்ல. "நன்றிங்க" என்றார். இரண்டாவது தடவையும் "நன்றிங்க" என்றார். பெட்டி பாதி காலியானது. இப்படியே விட்டுவிடலாம். ரோல்ஸும் வாங்கியாயிற்று, கடனும் கழிந்தது, காரணம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பிழை செய்தவனுக்கு இவ்வளவு வசதியான தண்டனை எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது.

மூன்றாவதாகக் கை கொடுக்க வந்தவர் இராமநாதன்.

"வாழ்த்துகள் அழகர். நீர் இதுக்குத் தகுதியான ஆள்."

"இல்லைங்க சேர்," என்றார் அழகர்.

அந்த அலுவலகத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை, வேலையைப் பற்றியல்லாமல், யாரும் கேட்டதில்லை.

"இது புரமோஷன் ரோல்ஸ் இல்லைங்க. மத்த ரோல்ஸ்."

அஸ்ஃபர் வாயிலிருந்ததை மெல்லாமல் நின்றார். சட்டப்படி அவர் விழுங்கும்வரை கேள்வி கேட்க முடியாது, விழுங்கவும் முடியவில்லை.

நாலு பேரும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அழகர் எல்லாவற்றையும் சொன்னார்: வரி, திகதி, மின்வெட்டு, நேற்று ஓடவிட்டது, இன்று காலை நின்றது. மின்வெட்டைச் சொன்னபோது மட்டும், சாக்குச் சொல்வது போல இருக்கிறதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

முதலில் பேசியது அஸ்ஃபர். "அவனுகள்ட கெமரா அப்பிடி மறுக்குமா, இல்லயா?"

"அவங்களத்தான் கேக்கணும்."

"கேட்டா சந்தேகப்படுவானுகள் மச்சான். வெள்ளிக்கிழம குடுக்க இருந்துட்டு புதன்கிழம போய் இதக் கேட்டா என்னத்த நெனப்பானுகள்? தம்மிக்க, நீ முதல்ல திருத்தி வெச்சிரு. திருத்தின கையோட நான் பேசுறேன்."

தம்மிக்க தமிழைக் கேட்டுச் சிங்களத்தில் பதில் சொல்பவர். திருத்தலாம், ஆனால் எல்லா வழியும் மாறும், இடமும் கூடும். அவர்கள் தேவை என்று சொல்லாமல் கையை வைக்க மாட்டேன் என்றார்.

இராமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமையைத் தவற விட்டா அவையளுக்குத் தொழிற்சாலையில நேரம் போயிடும். பிறகு எங்களை நம்பி ஆர் வருவினம்? நான் ஒண்டு சொல்லுறன். கையேட்டில ஒரு வரி போடுவம். 'பெறுகிற பகுதி பதிலை எப்போதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை உறுதி செய்வது வாடிக்கையாளர் பொறுப்பு.' நானூறாம் பக்கத்துக்கு அங்கால. பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் அதில் உள்ள கெட்டித்தனம். அழகர் நாலு வருடத்துக்கு முன் தன் கோப்பில் எழுதிய அதே வரி, இப்போது அச்சடித்த கையேட்டில், வாடிக்கையாளர் தலையில்.

"நீர் ஒப்புதல் தாளில கையெழுத்தைப் போட்டா நான் மிச்சத்தைப் பாக்கிறன்," என்றார் இராமநாதன். வேலையை வெளியே கொடுக்கும்போது சரிபார்த்தவர் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாமல் மேலே ஒருவரும் போட முடியாது.

அழகருக்கு வியர்த்தது. "அவங்கள கேக்காம என்னால போட முடியாதுங்க சேர்."

"ஓமோ. அஸ்ஃபர் கேக்க மாட்டார். பிறகு?"

தம்மிக்க எழுந்து, சற்றுமுன் பிழையை விளக்க அழகர் பலகையில் போட்டிருந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து இன்னும் இரண்டு பெட்டி போட்டு, நாலுக்குள்ளும் நாலு பேருடைய முதலெழுத்தை எழுதி, அம்புக்குறி போட்டார். அஸ்ஃபர் தம்மிக்கவுக்காகக் காத்திருக்கிறார். தம்மிக்க வாடிக்கையாளரின் சொல்லுக்காக, அதாவது அஸ்ஃபருக்காகக் காத்திருக்கிறார். தலைவர் அழகரின் கையெழுத்துக்காக. அழகர் அஸ்ஃபரின் ஒரு போனுக்காக.

"சிப் மட்டுமில்ல," என்றார் தம்மிக்க, தனக்குத் தெரிந்த தமிழில். "நாங்களும் ஹிர."

சிக்கிக்கொண்டோம் என்று அர்த்தம். இராமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். ஒன்பது நாட்டு சிப்புகளுக்குள் யாரும் யாருக்காகவும் முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது என்று சட்டம் எழுதி விற்கிறவர்கள், தங்களுக்கென்று ஒரு வரி எழுதிவைக்க மறந்திருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம் என்று கலைந்தார்கள். கூட்டங்கள் சிக்கினால் அதுதான் பரிகாரம். யாரும் விட்டுக்கொடுத்ததாகவும் இருக்காது.

இப்படிப்பட்ட முடிச்சை அவிழ்க்க வழி ஒன்றுதான் என்பது அழகரின் தொழிலறிவு. யாராவது ஒருவர், தன் முறை வரும்வரை காத்திருக்காமல், கையிலிருப்பதைக் கீழே வைக்க வேண்டும்.

அவர் சோற்றுப் பார்சலைத் திறக்கவில்லை. ஒரு தாளில் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் எழுதினார். வாடிக்கையாளர் பக்கத்தில் சோதனை பார்க்கும் ஹயாஷி என்ற பெண்ணோடு மூன்று வருடமாக மின்னஞ்சலில் பழக்கம், குரலைக் கேட்டதில்லை. எழுதிக் கேட்டால் பதில் அங்கே நாலு பேர் கை மாறித்தான் வரும். மாடிப்படியில், கீழே யாரோ டிராக்டர் என்ஜினை முறுக்கிப் பார்க்கும் சத்தத்துக்கு நடுவே, அழகர் போன் எடுத்தார். வாடிக்கையாளரோடு பேசுவது அவர் வேலையல்ல. ஆங்கிலத்தில் பேசுவது அவர் வேலையே அல்ல.

முதல் வாக்கியம், தான் யார். இரண்டாவது, தான் செய்த பிழை. மூன்றாவது, அதனால் நின்றுபோனது. நாலாவது, உங்கள் பகுதி மறுக்குமா என்ற கேள்வி. தாள் முடிந்தது. அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. இராமநாதனின் முகம், தர்ஷனாவின் பக்கம், நாலாவது படத்துக்காக விட்டிருக்கும் வெற்றுச் சதுரம் எல்லாம் அதற்குள் அவர் மனதில் வந்து போயின.

மறுக்கும், என்றார் ஹயாஷி. கடந்த மாதம்தான் அப்படி மாற்றினோம். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகு கேட்டார்: எத்தனை நாள் வேண்டும்?

அஸ்ஃபராக இருந்தால் எட்டு என்று சொல்லி இருபது எடுத்திருப்பார். அழகருக்கு எழுதாத வாக்கியத்தில் பொய் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் இல்லை. பதினைந்து, என்றார்.

அன்று பின்னேரம் ஜப்பானிலிருந்து முறைப்படி கடிதம் வந்தது. பதினைந்து நாளைத் தருகிறார்கள். தொழிற்சாலையில் தங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவரோடு நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இனி வாராவாரம் இரண்டு பக்கத்துச் சோதனைக்காரர்களும் நேரே பேச வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அஸ்ஃபர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு அழகரின் மேசைக்கு வந்தார்.

"எண்ட வாடிக்கையாளரோட எனக்குத் தெரியாம பேசீக்கிறாய்."

"பேசிட்டேன்."

"அவ உனக்குத் தேங்க்ஸ் சொல்லீக்கிறா. எனக்கு இந்த மூணு வருஷத்துக்கும் ஒரு தடவ சொல்லல்ல மச்சான். ஒரு தடவ." அஸ்ஃபரின் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. "திரும்ப இப்பிடிச் செஞ்சா எனக்கு முன்னாடி சொல்லு. சரியா? பக்கத்துல நிண்டு கேட்டாலும் பரவால்ல."

அழகர் நேரே இராமநாதனின் அறைக்குப் போனார்.

"சேர், என்னய குழுவில போட வேணாம். ஒப்புதல் இல்லாம பேசினது பிழதான்."

"பிழைதான்," என்றார் இராமநாதன் நிமிராமல். "பெரிய பிழை. குழுவில இருந்து எடுத்திட்டா இந்தப் பதினைஞ்சு நாளுக்கு ஆர் பொறுப்பு? நானோ? நல்ல கதை. பிழையைச் செய்துபோட்டு ஆறுதலா இருக்கப் பாக்கிறீரோ? போம், போய் வேலையைப் பாரும்."

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை. வியாழக்கிழமை காலை மதனி என்ற இளம் பொறியியலாளர் அழகரின் மேசைப் பக்கம் வந்து, பேனாவை விழுத்தி, எடுத்து, மறுபடி விழுத்தினார்.

"அழகர் அண்ணா, என்ர கோப்பிலையும் அப்பிடி ஒரு வரி இருக்கு. பிறகு எடுப்பம் எண்டு போட்டனான். ஒண்டரை வருஷம்."

பத்து மணிக்குள் அப்படி ஆறு பேர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் பதினான்கு. இத்தனை காலம் அழகரிடம் பிடிபடாமலிருக்க ஒளித்து வைத்தவர்கள், இப்போது அழகரிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிழையே செய்யாத மனிதரிடம் பிழையைச் சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது. ஆயிரத்துச் சொச்சம் பிழைகளைப் பிடித்தவர், தன் பெருமையே அதில் எத்தனையைத் தடுத்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குத் தேடல் வசதியும் இல்லை. வந்த வரிகளில் மூன்று பாரதூரமானவை. மற்றவை வெறும் சோம்பல். பதினைந்து நாள் போதாதோ என்று தம்மிக்க தலையில் கை வைத்தார்.

"உண்மை சொல்லுறது தொற்று நோய் போல கிடக்கு," என்றார் இராமநாதன் வாசலில் நின்று. "எங்கையாவது ஒரு இடத்தில நிப்பாட்டுங்கோ."

ஆனால் எல்லோரும் தேநீருக்குப் போன நேரம் பார்த்து அவரே வந்தார். கையில் ஒரு பழைய தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், மதனி பேனாவை விழுத்தியதைப் போலக் கண்ணாடிக் கூட்டை விழுத்தினார்.

"அழகர், கம்பனி தொடங்கின காலத்தில நான் எழுதின கோப்பு. இதில ஒரு வரி. பிறகு எடுப்பம் எண்டு நினைச்சு..." அவர் தாளை மேசையில் வைத்தார். "பதின்மூண்டு வருஷம். நேற்றிலயிருந்து நித்திரை இல்லை."

அழகர் தாளைப் பார்த்தார். பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அத எடுத்தாச்சுங்க சேர்."

"எப்ப?"

"நான் சேந்து மூணாவது மாசம். நானேதான் எடுத்தேன்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"புது ஆளுங்க சேர் நான். நீங்க எழுதினது. பயமா இருந்துச்சு."

இராமநாதன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரிக்க அழகருக்கு முடியவில்லை.

"இப்பவும் பயமோ?"

அழகர் யோசித்தார். ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை. இல்லை என்று சொல்வதுதான் முறை.

"இப்பவும் கொஞ்சம் இருக்குங்க சேர்," என்றார். "ஆனா சொல்லிட்டேன்."